வேலிக்கு அப்பால் வெள்ளி

டச்சு மொழியில் அறிவியல் புனைவு எழுதியவர்களில் டோங்கெ டிராக்ட் ஒரு தனி ஆள். 1930 நவம்பர் 12 அன்று பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் பிறந்தவர். 2024 ஜூலை 12 அன்று 93ஆம் வயதில் மறைந்தார். முழுப்பெயர் அந்தோனியா யோஹன்னா வில்லெமினா டிராக்ட். மாவீரர் காலத்துச் சாகசக் கதை ஒன்றுதான் அவரை நெதர்லாந்தின் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அந்தப் புகழின் நிழலில், அவர் எழுதிய எதிர்கால நாவல்கள் சற்று ஒதுங்கியே நிற்கின்றன. 1969இல் ஒன்று, 1973இல் ஒன்று, 1982இல் ஒன்று, 1992இல் ஒன்று என்று நிதானமாக வந்த நூல்கள் அவை. நான்கிலும் கதை ஒரு தடுப்பின் அருகில்தான் தொடங்குகிறது: குவிமாடம், மறதி, மண்டையோடு, கதவு. அந்தத் தடுப்பு யாரைக் காக்கிறது, யாரை அடைக்கிறது என்ற கேள்வியை டிராக்ட் இருபது ஆண்டுகளுக்குமேல் விடாமல் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் எந்த நூலிலிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் குடியேற்றத்தில் மூன்று பெண்மக்களில் மூத்தவராக அவர் வளர்ந்தார். 1942 மார்ச் 8 அன்று ஜாவாவின் கலிஜாத்தியில் டச்சுப் படை ஜப்பானியரிடம் சரணடைந்தபோது அவருக்கு வயது பதினொன்று. அடுத்த மாதங்களில் ஐரோப்பியக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. ஆண்கள் ஒரு பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் நகரங்களின் சில பகுதிகளில் அடைக்கப்பட்டார்கள். டிராக்டும் தாயும் தங்கைகளும் பத்தாவியாவின் சிடெங் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தந்தை வேறொரு முகாமில் இருந்தார்.

சிடெங் முகாமுக்கென்று தனியாகக் கட்டிடம் எதுவும் எழுப்பப்படவில்லை. ஐரோப்பியர் குடியிருந்த தெருக்களையே வளைத்து வேலி போட்டார்கள். ஜாவாவில் ‘கெடெக்’ என்று சொல்லும் பின்னிய மூங்கில் தட்டியும் முள்கம்பியும் சேர்ந்தது அந்த வேலி. முள்கம்பி ஆளைத் தடுத்தது; தட்டி பார்வையைத் தடுத்தது. அதற்கு வெளியே சந்தையும் ஆறும் மரங்களும் வழக்கம்போல இருந்தன. உள்ளேயிருந்து எதுவும் தெரியாது. தொடக்கத்தில் இத்தகைய இடங்களுக்கு அதிகாரபூர்வமாக வைக்கப்பட்ட பெயர் ‘பாதுகாக்கப்பட்ட குடியிருப்பு’. போர் நீள நீள அந்தப் பாதுகாப்பின் எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது. வேலியை உள்ளே நகர்த்தி நகர்த்திப் பரப்பைக் குறைத்தார்கள். ஆட்களையோ கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு சில தெருக்களில் முடங்கிக் கிடந்தார்கள். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில், வராந்தா, சமையற்கட்டு, கார் கொட்டகை என்று ஓர் இடம் விடாமல் பாய் விரித்தார்கள். 1944 ஏப்ரல் முதல் முகாமை ஆண்ட கெனிச்சி சோனெய், நேரங்கெட்ட நேரத்தில் எல்லோரையும் வெயிலில் நிறுத்தித் தலை எண்ண வைத்தவர். போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை பெற்று 1946இல் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில்தான் டிராக்ட் எழுத்தாளர் ஆனார். முகாமில் படிக்கப் புத்தகம் இல்லை. கையில் இருந்தவை எல்லாம் ஏற்கெனவே பலமுறை படித்து முடித்தவை. அதனால் தாமே ஒன்றை எழுதுவதென்று ஒரு தோழியுடன் சேர்ந்து இறங்கினார். காகிதமும் இல்லை. யாரிடமாவது கெஞ்சி வாங்கிய தாள், பயன்படுத்திய தாளின் பின்பக்கம் என்று கிடைத்ததிலெல்லாம் எழுதினார்கள். இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி ‘டிட்டோ டிராஸ்ட்ரா’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்துக் கதை அப்போது அச்சேறவில்லை. ஆனால் வேலிக்குள் இருந்துகொண்டே வேறிடம் போய்வர முடியும் என்று அந்தச் சிறுமிக்கு அது காட்டிக்கொடுத்தது. தாம் எழுத வந்ததே அந்த முகாமில்தான் என்று பிற்காலப் பேட்டிகளில் டிராக்ட் சொல்லியிருக்கிறார். 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்தது. இரண்டே நாளில் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. பத்தாவியாவில் பிறந்த டச்சுப் பெண்ணுக்குப் பிறந்த ஊர் வேற்று நாடாயிற்று. குடும்பம் நெதர்லாந்து வந்து சேர்ந்தது.

அவர் படித்து, வேலை பார்த்து, எழுதி வாழ்ந்த நகரம் தி ஹேக். போர் அந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. நகரின் நடுவிலிருந்த பழைய காடான ‘ஹாக்ஸெ போஸ்’ போரின் கடைசிக் குளிர்காலத்தில் விறகுக்காக வெட்டப்பட்டது; ஜெர்மானியர் லண்டனை நோக்கி வி-2 ஏவுகணைகளைச் செலுத்த அந்தக் காட்டையே மறைவாகக் கொண்டார்கள். அவற்றை அழிக்க 1945 மார்ச் 3 அன்று வந்த பிரிட்டிஷ் விமானங்கள் இலக்குத் தவறிப் பக்கத்திலிருந்த பெசாவுடன்ஹவுட் குடியிருப்பில் குண்டு வீசின; ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காடு, ஏவுகணை, குடியிருப்பு மூன்றும் ஒரே வரைபடத்தில் நெருங்கிக் கிடந்த நகரம் அது. வெப்பமண்டலத்திலிருந்து வந்தவர் அங்கே அரச ஓவியக் கல்லூரியில் பயின்று, பள்ளிகளில் ஓவிய ஆசிரியை ஆனார்.

ஓவிய வகுப்பை அடக்கி உட்காரவைக்க அவர் கண்ட வழி கதை. கை வரைந்துகொண்டிருக்கும்போது காது சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்கு அவர் தொடர்கதை சொன்னார். 1950களின் பிற்பாதியில் ‘கிரிஸ் கிராஸ்’ என்ற சிறுவர் இதழில் எழுதத் தொடங்கினார். 1961இல் இரட்டைச் சகோதரர் பற்றிய கதைகள் முதல் நூலாக வந்தன. அடுத்த ஆண்டே ‘டெ பிரீஃப் ஃபோர் டெ கோனிங்’ (அரசனுக்கு ஒரு கடிதம்) வெளியானது. 1963இல் ஆண்டின் சிறந்த சிறார் நூல் என்ற விருதையும் பெற்றது.

அந்த நாவலின் முதல் காட்சியை இங்கே நிதானமாகப் பார்ப்பது நல்லது. பின்னால் வரும் எதிர்கால நாவல்கள் அனைத்துக்கும் அதுதான் வித்து. தியூரி என்ற பதினாறு வயதுப் பையன் மறுநாள் மாவீரர் பட்டம் பெறவேண்டியவன். அன்று இரவு முழுதும் மற்ற இளைஞர்களோடு கோவிலுக்குள் விழித்திருக்க வேண்டும். பேசக் கூடாது, வெளிக்குரல் எதற்கும் செவிகொடுக்கக் கூடாது. நள்ளிரவில் கதவைத் தட்டி யாரோ உதவி கேட்கிறார்கள். தியூரி எழுந்து கதவைத் திறக்கிறான். விதி மீறப்பட்டது, பட்டம் கைநழுவிப் போகலாம். அந்நியர் தந்த முத்திரையிட்ட கடிதத்தை மலைகளுக்கு அப்பாலுள்ள அரசன் உனாவெனிடம் சேர்க்க அவன் ஓடுகிறான். வழியில் கடிதம் பறிபோகும் நிலை வந்தபோது அதைப் பிரித்து, தனக்குப் புரியாத மொழியில் இருப்பதை அப்படியே நெட்டுருப்போட்டு, தாளை அழித்துவிடுகிறான். அதன்பிறகு தடுப்பைக் கடந்துபோவது தாள் அன்று, மனம். விதியைக் காத்தால் நல்லவன் என்ற பெயர். கதவைத் திறந்தால்தான் நல்லவன் என்ற உண்மை. டிராக்டின் நாயகர்கள் எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். 1965இல் வந்த தொடர்ச்சி நாவலில் அதே தியூரி, நுழையக் கூடாது என்று பெயரெடுத்த ஒரு காட்டுக்குள் போகிறான். காடு அங்கேயே அவர் எழுத்தில் கால்வைத்துவிட்டது.

1966இல் வந்த ‘டெ ஸேஃபன்ஸ்ப்ரொங்’ நாவலின் நாயகன் ஃபிரான்ஸ் ஒரு பள்ளி ஆசிரியர். மாணவர்களிடம் தன்னைப் பற்றிய பொய்ச் சாகசங்களைச் சொல்வது அவர் வழக்கம். ஒருநாள் அவர் கட்டிய கதையே உண்மையாகி வந்து அவரை இழுத்துக்கொண்டு போகிறது. கதை சொல்லி வகுப்பை நடத்திய ஓவிய ஆசிரியை தன்னையே கொஞ்சம் கேலி செய்துகொண்ட நூல் என்று அதைச் சொல்லலாம். அதற்கு அடுத்த கட்டமாகத்தான் அவர் விண்வெளிக்குப் போனார்.

டச்சு மண்ணில் வானத்துக் கற்பனைக்கு நீண்ட மரபு உண்டு. சனிக்கோளின் வளையத்தை விளக்கிய கிறிஸ்தியான் ஹைகன்ஸ் பிற கோள்களில் உயிர்கள் எப்படி வாழக்கூடும் என்று யோசித்து லத்தீனில் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1698இல் வந்தது. அவரும் தி ஹேக் நகரத்துக்காரர். கவிஞர் வில்லெம் பில்டெர்டைக் 1813இல், பலூனில் ஏறிப்போய்ப் பூமியைச் சுற்றும் ஒரு குட்டிக் கோளில் இறங்கிய மனிதனின் கதையை எழுதினார். உத்ரெஹ்ட் பல்கலைக்கழக இயற்கை அறிஞர் பீட்டர் ஹார்ட்டிங் ‘டாக்டர் டியோஸ்கோரிடெஸ்’ என்ற புனைபெயரில் 1865இல் 2065ஆம் ஆண்டைப் பார்த்து எழுதினார். 1931இல் ஃபெர்டினான்ட் போர்டெவைக் ‘பிளாக்கன்’ குறுநாவலில் வளைவு, வட்டம் எல்லாம் விலக்கப்பட்டு நேர்கோடும் கட்டமும் மட்டுமே ஆளும் அரசு ஒன்றைக் காட்டினார். ஆனால் இவை தனித்தனி முயற்சிகள். அடுத்தவர் பற்றித் தொடர்ந்த கொடி எதுவும் வளரவில்லை. 1960களின் கடைசியில் டச்சுப் பதிப்பகங்கள் அறிவியல் புனைவுத் தொகுதிகளை மும்முரமாக வெளியிடத் தொடங்கியபோதும் அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவை. டச்சு மொழியிலேயே எழுந்த அறிவியல் புனைவு பெருமளவு இளையோர் இலக்கியத்தில்தான் இடம் பிடித்தது. பின்னாளில் தேயா பெக்மன் கிரீன்லாந்தில் ஒரு பெண்ணரசை நிறுவிக் காட்டிய 1985ஆம் ஆண்டு நாவலும் அந்த வரிசைதான். பெரியவர்களுக்கான இலக்கியம் என்ற பெயர்ப்பலகையைப் பற்றி டிராக்ட் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரு தரப்பும் படிக்கும் நூல்களை எழுதினார்.

1969இல் வந்தது ‘தோரன்ஹோக் என் மைலன் பிரேட்’ (கோபுர உயரம், காத தூர அகலம்). ‘எதிர்கால நாவல்’ என்றே அதன் அட்டை தன்னை அழைத்துக்கொண்டது. களம் வெள்ளிக்கோள். அந்தத் தேர்வில் ஒரு சிக்கல் இருந்தது. மேகம் மூடிய வெள்ளியை ஈரம் சொட்டும் சதுப்புக் காடாக முதலில் படம் பிடித்தவர்களில் ஒருவர் ஸ்வீடிஷ் வேதியியலாளர் ஸ்வான்டெ அர்ரேனியஸ். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுதும் கதாசிரியர்கள் அந்தப் படத்தை நம்பி எழுதினார்கள். சி. எஸ். லூயிஸ் மிதக்கும் தீவுகளைக் கண்டார். ரே பிராட்பரி ஓயாத மழையைக் கண்டார். ஐசக் அசிமோவ் கடலைக் கண்டார். 1956இல் வெள்ளியிலிருந்து வந்த நுண்ணலைகளை அளந்தபோதே அந்தக் கோள் கொதிக்கிறது என்ற ஐயம் எழுந்தது. 1962 டிசம்பர் 14 அன்று அதன் அருகே பறந்த மரைனர்-2 அதை உறுதிசெய்தது. 1967 அக்டோபர் 18 அன்று சோவியத் கலம் வெனேரா-4 வளிமண்டலத்துக்குள் இறங்கி, அது ஏறத்தாழ முழுக்கவும் கரியமில வாயு என்று தெரிவித்தது. தரையில் வெப்பம் 460 பாகை செல்சியஸுக்கு மேல். அழுத்தம் பூமியைப்போல் தொண்ணூறு மடங்கு. ஈயம் உருகும் தரையில் காடு ஏது? பிரையன் ஆல்டிஸும் ஹாரி ஹாரிசனும் 1968இல் பழைய வெள்ளிக் கதைகளைத் திரட்டி, அந்த வெள்ளிக்கு விடைகொடுக்கும் ஒரு தொகுப்பையே வெளியிட்டார்கள்.

விடைகொடுத்த மறு ஆண்டே டிராக்ட் அங்கே ஒரு மாபெரும் காட்டை நட்டார். அறிவியல் காலடியிலிருந்து பிடுங்கிய தரையிலேயே நாவலை நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த நாவலுக்குத் தேவைப்பட்டது கோளின் வேதியியல் அன்று. எல்லையே இல்லாத ஒரு காடு, அதன் நடுவில் எல்லை வகுத்துக்கொண்ட மனிதர்கள், அவ்வளவுதான். அதனால்தான் வெனேராவின் அளவீட்டால் அந்த நூல் பழசாகவில்லை.

கதை இப்படி அமைகிறது. பூமியில் காடு என்று ஒன்று இல்லை. மண்ணெல்லாம் கட்டிடமும் சாலையுமாக ஆகிவிட்டது. ஆபத்தான வேலைகளை ரோபோக்கள் பார்த்துக்கொள்கின்றன. மரம் என்பது பழைய படங்களில் பார்க்கும் பொருள். வெள்ளியில் மனிதர்கள் ஒரு குவிமாடத்துக்குள் குடியேறியிருக்கிறார்கள். வெளியே காடு அடர்ந்து நிற்கிறது. அது உயிரைக் குடிக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எடு யான்சன் அங்கே கோள் ஆய்வாளனாக வேலை பார்க்கும் இளைஞன். காட்டை ஆராய்வது அவன் வேலை. ஆனால் அதற்குள் இறங்கி நடக்கக் கூடாது. கருவிகள் அளக்கலாம், ரோபோ தொடலாம், மனிதனின் வெறுங்காலும் வெறுங்கையும் மட்டும் அங்கே படக் கூடாது. எடுவுக்கோ அந்தக் காட்டின்மேல் ஓர் ஏக்கம். ஒருநாள் அவன் தடையை மீறி இறங்குகிறான்.

இறங்கிய பிறகுதான் தெரிகிறது, காட்டைப் பற்றிக் குவிமாடத்துக்குள் சொல்லப்பட்டதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு அச்சம் என்று. அங்கே அறிவுள்ள உயிர்கள் வாழ்கின்றன, அவர்கள் அஃப்ரோய். வாயால் பேசுவதைவிட மனத்தால் பேசுவது அவர்களுக்கு இயல்பு. பிறர் எண்ணத்தை அறியும் ஆற்றல் எடுவுக்குள்ளும் விழிக்கிறது. இத்தனை ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தலைக்குமேல் பறந்து அளந்துகொண்டிருந்த ‘ஆளில்லாத’ கோளில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அளவீடுகளில் அவர்கள் அகப்படவில்லை. குடியேற்ற நாட்டில் பிறந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது. ஜாவாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த டச்சுக்காரர் பலர், வேலிக்கும் சமையற்கட்டுக்கும் அப்பால் யார் வாழ்கிறார்கள் என்பதை அறியாமலே ஊர் திரும்பினார்கள். டிராக்டின் குவிமாடவாசிகளும் அந்த வகைதான். தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டு, வெளியே யாருமில்லை என்று பதிவேட்டில் எழுதிவைத்தவர்கள்.

சிடெங்கின் மூங்கில் தட்டியும் வெள்ளியின் குவிமாடமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முகாமின் வேலியைப் பகைவர் போட்டார்கள்; உள்ளிருந்தவர்கள் கைதிகள். குவிமாடத்தைத் தம் மக்களே எழுப்பினார்கள், உள்ளிருப்பவர்கள் எசமானர்கள். ஆனாலும் இரண்டின் பெயரும் பாதுகாப்புதான். இரண்டிலும் வெளி உலகத்தைப் பார்ப்பதே முதலில் தடுக்கப்படுகிறது. இதை ஒரு சமன்பாடாக வாசகர் கையில் டிராக்ட் கொடுப்பதில்லை. முகாம் என்ற சொல்கூட அந்த நாவலில் தேவைப்படவில்லை. அடைபட்டவர் அடைப்பவரைப் பற்றி எழுதும்போது வழக்கமாக எழும் கோபமும் அதில் இல்லை. எடுவின் மேலதிகாரிகள் கொடியவர்களாக வரைந்து காட்டப்படவில்லை. பெரும்பாலோர் உண்மையிலேயே பயந்தவர்கள், பயத்தை விதியாக எழுதிக்கொண்டவர்கள்.

அந்தக் காட்டுக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. அது நெதர்லாந்திலேயே இருக்கிறது. அந்நாட்டின் நிலப்பரப்பில் காடு பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதிலும் பெரும்பகுதி மனிதர் வரிசைபோட்டு நட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரின் பெரிய காட்டை 1934 முதல் வேலையில்லாதவர்களைக் கொண்டு நட்டு உருவாக்கினார்கள். 1953இல் கடல் உடைத்துக்கொண்டு வந்து 1,800க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, கடலோரத்தில் அணைகள் எழுந்தன. ஃப்ளேஃபோலான்ட் பகுதியின் கிழக்குப் பாதியை 1957இலும் தெற்குப் பாதியை 1968இலும் கடலிலிருந்து வடித்து எடுத்தார்கள்; அங்கே சாலை, கால்வாய், வயல், மரம் எல்லாமே வரைபலகையில் பிறந்தவை. தன்போக்கில் முளைத்த ஓரிடத்தைத் தேடி அலைய வேண்டியிருந்த நாடு அது. ஜாவாவின் பச்சையைக் கண்ணில் வைத்திருந்த ஒருவருக்கு அந்த ஒழுங்கு இன்னும் கூர்மையாகத் தைத்திருக்கும். மரமே இல்லாத பூமி என்ற அவருடைய கற்பனை, டச்சு நிலப்படத்தை இன்னும் சில நூற்றாண்டு நீட்டிப் பார்த்ததுதான்.

அடுத்த நாவல் 1973இல் வந்த ‘டெ தோரன்ஸ் ஃபன் ஃபேப்ரூவாரி’ (பிப்ரவரிக் கோபுரங்கள்). பெயர் அறியாத ஒருவரின் நாட்குறிப்பு என்றும், நிறுத்தக்குறியும் அடிக்குறிப்பும் மட்டும் தன்னுடையவை என்றும் அட்டையிலேயே டிராக்ட் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நாட்குறிப்பின் முதல் தேதி பிப்ரவரி 30. முதல் பக்கங்கள் கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்க முடியும்படி வலமிடமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. கடற்கரை மணல்மேட்டில் இரண்டு கோபுரங்களுக்கிடையே ஒரு சிறுவன் விழித்தெழுகிறான். யார், எங்கிருந்து வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கையெழுத்து அவனுடையதுதான், ஆனால் இந்த உலகத்தின் எழுத்துத் திசைக்கு அது எதிர்த்திசை.

இங்கே தடுப்பு வேலியும் அன்று, குவிமாடமும் அன்று, நாள்காட்டி. லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அன்று மட்டும், அதற்கான சொல் தெரிந்தவருக்கு மட்டும், ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்கு வழி திறக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் தவணை. கடப்பவர் கொடுக்கும் விலை, தன் நினைவு. முந்தைய நாவலில் கதவைத் திறப்பதே நல்லது என்று முடிவுசெய்யத் தோன்றிய வாசகருக்கு இந்த நூல் ஒரு மறுப்பு. அக்கரைக்குப் போனவன் இக்கரையில் விட்டுவந்தவர்களைக்கூட மறந்துபோவான். திரும்பி வந்தால் அங்கே கிடைத்த அன்பை மறப்பான். பிறந்த ஊரை விட்டுப் புலம்பெயர்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதாக இராது. பதினைந்து வயதில் ஜாவாவின் வெயிலிலிருந்து டச்சுக் குளிருக்கு மாறிய ஒருவர் அதைப் புனைவின் விதியாகவே ஆக்கிவிட்டார்.

இந்த நாவலில் அச்சுக்கலையே கதைசொல்லியாகிறது. திருப்பிப் போட்ட எழுத்தைக் கண்ணாடி முன்னால் நின்று படிக்கும் வாசகர், சிறுவனின் தடுமாற்றத்தை வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பதில்லை; அதே தடுமாற்றத்தைத் தாமும் படுகிறார். இது ஓவியரின் யோசனை. தன் நூல்களுக்கு டிராக்ட் தாமே படம் வரைந்தார். பேனாக் கோட்டோவியம், வெட்டி ஒட்டிய படத்தொகுப்பு என்று நூலுக்கு ஏற்ப முறையை மாற்றினார். பால் பீகல் போன்ற மற்றவர்களின் நூல்களுக்கும் வரைந்து தந்தார். அவர் புத்தகத்தில் நிலப்படமோ அட்டையோ கதைக்கு வெளியே நிற்கும் அலங்காரமாக இருப்பதில்லை.

1982இல் ‘ஓகன் ஃபன் தைகர்ஸ்’ (புலிகளின் கண்கள்) வந்தது. முதல் எதிர்கால நாவலின் உலகம்தான். இப்போது கேமரா பூமியின் பக்கம் திரும்பியிருக்கிறது. நாயகன் யாக் மார்ட்டின் ஒருகாலத்தில் வெள்ளியில் கோள் ஆய்வாளனாக இருந்தவன்; ஓவியம் வரைபவன். இப்போது பூமியில் ஒரு படைப்பாக்க மையத்தை நடத்துகிறான். உழைப்பையெல்லாம் எந்திரங்கள் எடுத்துக்கொண்ட உலகில், மக்கள் அங்கே வந்து களிமண் பிசைகிறார்கள், வண்ணம் தீட்டுகிறார்கள். ஓய்வை எப்படிக் கழிப்பது என்று அவர்களுக்கு யாராவது கற்றுத்தர வேண்டியிருக்கிறது. கட்டாய ஓவிய வகுப்பை ஆண்டுக்கணக்கில் நடத்திய ஒருவரால்தான் அந்த மையத்தை அவ்வளவு கூர்மையாக எழுத முடியும். வரைய வேண்டிய உந்துதல் உள்ளவனும், பொழுதுபோகாமல் வந்தவனும், வரைவதே அச்சமாக உள்ளவனும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஆசிரியையின் அனுபவம் பேசுகிறது. எல்லாம் கிடைக்கும் சமூகத்தில் எதுவுமே காட்டுத்தனமாக இல்லை என்பதுதான் யாக்கின் மூச்சுமுட்டல். புலி அந்த நாவலில் வருவது அதனால்தான்.

யாக்கும் தனக்குள் மனமறியும் ஆற்றல் இருப்பதைக் கண்டுகொள்கிறான். இந்த இடத்தில் டிராக்டின் பழைய கேள்வி புதிய வடிவம் எடுக்கிறது. மண்டையோடும் ஒரு சுவர்தான். அதைக் கடந்து பிறர் எண்ணத்தைக் காணும் வரம் கிடைத்தால், எல்லாத் தடுப்பையும் தகர்த்துவிட்ட மகிழ்ச்சி வரவேண்டும். யாக்குக்கு வருவது பெரும்பாலும் சங்கடம். கேட்காமல் ஒருவர் மனத்துக்குள் நுழைவது வீட்டுக்குள் திருடன் புகுவதற்குச் சமம். தன் ஆற்றல் வெளியே தெரிந்தால் அதை அளக்கவும் ஆளவும் ஆட்கள் வருவார்கள் என்ற அச்சமும் உண்டு. இதுவரை கதவைத் திறப்பதற்காக வாதாடிய நாவலாசிரியர் இங்கே மூடிவைக்கும் உரிமைக்காகவும் வாதாடுகிறார். இரண்டும் முரண் அன்று. சிடெங்கில் எவருக்கும் தனியறை கிடையாது. வெளியே போகவும் முடியாது. அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தவருக்கு அடைப்பும் அம்பலமும் ஒரே கொடுமையின் இரு பக்கங்கள் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதவு இருக்க வேண்டும். அதன் தாழ்ப்பாள் உள்ளே இருப்பவர் கையில் இருக்க வேண்டும். மூன்று நாவல்களையும் சேர்த்துப் படித்தால் டிராக்டின் நிலை இதுதான்.

1992இல் வந்த ‘ஆன் டெ ஆண்டெரெ கான்ட் ஃபன் டெ டூர்’ (கதவின் மறுபக்கம்) இந்தக் கதவைத் தலைப்பிலேயே வைத்தது. ஓட்டோ என்ற பையன் ஒரு கதவு வழியாக, நாம் அறிந்த காலத்துக்கு வெளியே இருக்கும் ஒரு வீட்டுக்குப் போகிறான். ‘காலக் கடல்கள்’ என்ற பெரிய தொடரின் முதல் பகுதியாக அது திட்டமிடப்பட்டது. முந்தைய நூல்களின் பாத்திரங்களும் இடங்களும் அந்தக் கடலில் சந்தித்துக்கொள்ளும்படி அவர் வகுத்த திட்டம் மிகப் பெரியது. நடுவில் பல ஆண்டுகள் எழுத்து நின்றது. தொடர் அவர் நினைத்த அளவில் முழுமை பெறவில்லை. தனித்தனியே நின்ற நான்கு தடுப்புகளையும் ஒரே வீட்டின் கதவுகளாக்கும் முயற்சி அது என்பதால், முற்றுப்பெறாத நிலையிலும் முந்தைய நாவல்களைப் படிக்க அது உதவுகிறது.

டிராக்டின் அறிவியல் புனைவில் குறைகளும் உண்டு. எந்திர விவரங்களில் அவருக்கு ஆர்வம் குறைவு. விண்கலம் எப்படி ஓடுகிறது, குவிமாடத்துக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்கு விடை கிடைக்காது. நாவல்கள் நீளமானவை, உரையாடல் சில இடங்களில் கதையை நிறுத்திவைத்துக்கொண்டு சுற்றுகிறது. கதையை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண் பாத்திரங்கள் அருகில் நின்று துணைசெய்பவர்களாக ஒடுங்கிவிடுகிறார்கள். அமெரிக்க விண்வெளிக் கதைகளின் வேகத்துக்குப் பழகியவருக்கு இவை மந்தமாகத் தோன்றலாம். அவருடைய பலம் வேறிடத்தில் இருக்கிறது. தடுப்பின் முன்னால் ஒருவன் தயங்கி நிற்கும் நேரத்தை அவர் அவசரப்படுத்துவதே இல்லை. பூட்டைத் தொடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் மனத்தில் நடக்கும் கணக்குதான் அவருக்கு முக்கியமான நிகழ்ச்சி.

அங்கீகாரம் நெதர்லாந்தில் அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. 1976இல் சிறார், இளையோர் இலக்கியத்துக்கான அரசு விருது அவருடைய முழுப் படைப்புக்கும் வழங்கப்பட்டது. 2001இல் அரச கௌரவம் வந்தது. 2004இல், கடந்த ஐம்பதாண்டின் விருதுபெற்ற சிறார் நூல்களில் தலைசிறந்தது எது என்று தேர்ந்தபோது ‘அரசனுக்கு ஒரு கடிதம்’ அந்த இடத்தைப் பிடித்தது. 2008இல் டச்சுத் திரைப்படமாகவும், 2020இல் நெட்ஃப்ளிக்ஸ் தொடராகவும் அதே கதை திரும்ப வந்தது. ஆங்கில வாசகருக்கு டிராக்டின் பெயர் பரவலாகத் தெரிந்தது 2013க்குப் பிறகுதான். லாரா வாட்கின்சனின் மொழிபெயர்ப்பில் மாவீரர் நாவல்கள் வரத் தொடங்கிய ஆண்டு அது. எதிர்கால நாவல்களில் பிப்ரவரிக் கோபுரங்கள் மட்டும் 1970களிலேயே ஆங்கிலம் போய், அதிகம் பேசப்படாமல் போயிற்று. வெள்ளிக் காட்டு நாவல் ஜெர்மானிய வாசகர்களிடம் கூடுதல் வரவேற்புப் பெற்றது.

ஆகவே டச்சு எல்லைக்கு வெளியே டிராக்ட் இன்றும் குதிரைவீரர்களின் ஆசிரியராகவே அறியப்படுகிறார். உள்ளேயோ, இளவயதில் வெள்ளிக் காட்டு நாவலைப் படித்தவர்கள் இரு தலைமுறையாக இருக்கிறார்கள்; அந்த நூல் தொடர்ந்து மறுபதிப்பும் காண்கிறது. அது எழுதப்பட்டபோது மரமற்ற பூமி ஒரு கற்பனை; எல்லைச் சுவரைப் பாதுகாப்பு என்று அழைப்பது பழைய போரின் நினைவு. இந்த இரண்டுமே இப்போது அன்றாடச் செய்தியில் வருபவை என்பதால், இன்றைய வாசகர் அந்த நாவலை அதன் முதல் வாசகரைவிட நெருக்கமாக உணர வாய்ப்புண்டு. வெள்ளிக்கோளைப் பற்றி டிராக்ட் எழுதியது முழுதும் தவறு. குவிமாடத்தைப் பற்றி எழுதியதில் திருத்தம் தேவைப்படவில்லை.